வழுவழுப்பான தளத்தில் ஒரு மாம்பழப் பெட்டி

இல்லாத பொருள்களை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. எடையில்லாத கயிறு, உராய்வில்லாத கப்பி, வழுவழுப்பான சாய்தளம். இந்த மூன்றையும் நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. இருந்தாலும் தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் இறங்கி, ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் இவையெல்லாம் இருப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்புகிறேன். 'உராய்வைப் புறக்கணிக்க' என்று போர்டில் எழுதுகிற அதே கையால்தான் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாலு புறமும் ஆட்கள் நெருக்க, புடவைத் தலைப்பு யாருடைய கூடையிலோ மாட்டியிருக்க, புறக்கணிக்கவாவது ஒன்றாவது.

பிள்ளைகளுக்கு இயந்திரவியலில் கயிறும் பிடிக்கும், கப்பியும் பிடிக்கும். உராய்வு வந்தால் மட்டும் முகம் சுண்டிவிடும். அது எந்தப் பக்கம் இழுக்கும் என்பதுதான் அவர்களுடைய தீராத சந்தேகம். நான் சொல்வேன்: "உராய்வுங்கறது கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி. நீ எந்தப் பக்கம் நகரப் பாக்கியோ அதுக்கு எதுத்தாப்புல பேசும். யாரும் நகரலன்னா அதும் பாட்டுக்குப் பந்தியில உக்காந்திருக்கும்." இதைக் கேட்டபின் யாரும் தப்பாக அம்புக்குறி போட்டதில்லை. எல்லா வீட்டிலும் ஒரு பெரியப்பா இருக்கிறார்.

எங்கள் மையத்தின் உரிமையாளரை எல்லோரும் சேர்மன் என்போம். அவரே வைத்துக்கொண்ட பட்டம் அது. முன்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணி வியாபாரம் செய்தவர். காயத்துக்குக் கட்டுவதைவிடப் பெற்றோரின் பயத்துக்குக் கட்டுவதில் லாபம் அதிகம் என்று ஒரு நாள் கண்டுபிடித்து, தறி ஓடிய கட்டடத்தில் பெஞ்சு போட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் மனம் நோகச் செய்யக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையால் நொந்தவர்கள் எத்தனை பேர் என்பது அவருக்குத் தெரியாது.

அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "மிஸ், நம்ம கொஸ்டின் புக்குல எல்லாமே பிளாக் ஏ, பிளாக் பி-ன்னே இருக்கு. யாருக்கு என்ன ஒட்டும் சொல்லுங்க? மண்வாசன வேணும். நம்ம ஊர்ச் சாமானா வச்சு எழுதுங்க."

எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. முதலில் தேரை எடுத்தேன். சரிவான வீதியில் ஒரு தேர் தன் எடையால் சறுக்குகிறது, முட்டுக்கட்டையின் உராய்வைக் கணக்கிடுக என்று எழுதினேன். எங்கள் கணக்குப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அதைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தேர் சறுக்குச்சுன்னு எழுதலாமாம்மா? அதும் ஆடித் தேரோட்டம் வரப்போற நேரத்துல?" தேரை விட்டேன். ராஜபாளையம் நாய் ஒன்று கயிற்றால் வண்டி இழுப்பதாக அடுத்த கணக்கு. அதைச் சேர்மனே அடித்துவிட்டார். "நம்ம நாய் வண்டியா இழுக்கும்? வேட்டைக்குப் போற சாதி அது." நாயையும் விட்டேன்.

மிஞ்சியது சாப்பாட்டுச் சாமான்தான். உலகத்தில் யாருக்கும் சண்டை வராத பொருள் என்று நம்பி, ராஜபாளையத்துக்கு ஒரு மாம்பழப் பெட்டியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பால்கோவா டின்னும் எடுத்துக்கொண்டேன். வழுவழுப்பான சாய்தளத்தில் மாம்பழப் பெட்டி. அதில் கட்டிய கயிறு உச்சியிலுள்ள கப்பி வழியாகப் போய், மறுமுனையில் பால்கோவா டின் தொங்குகிறது. டின் கனமானது. கயிற்றை விட்டால் எவ்வளவு முடுக்கத்தில் நகரும்? அழகான கணக்கு. எழுதி முடித்ததும் எனக்கே பசித்தது.

இந்தக் கணக்கு போக வேண்டிய இடம் சாதாரண இடமில்லை. மையத்தில் வருடத்துக்கு ஒரு இலவச இடம் உண்டு. ஒரு வருடம் முழுதும் கட்டணமில்லாமல் படிக்கலாம். அதற்கென ஒரு தேர்வு. 'தகுதிக்கே இடம், சிபாரிசுக்கு இடமில்லை' என்று இரண்டு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் மையத்து வாசலிலும் பேனர் கட்டியிருந்தோம்.

அந்த இடத்துக்காகக் காத்திருந்தவர்களில் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மையத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்கும் இலவச வகுப்புக்கு சுந்தரபாண்டியத்திலிருந்து வருவாள். தலையில் முக்காடு, கையில் டிபன் பாக்ஸ், வாயில் ஒரு கேள்வி. "கயிறுக்கு எட இல்லன்னா அது எப்படி மிஸ் தொங்கும்?" என்று முதல் நாளே கேட்டவள். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ராஜபாளையத்தில் பஞ்சு குடோனில் வேலை. அம்மா வீட்டில் நைட்டி தைக்கிறார். அத்தா அவளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "சீட்டு கெடச்சா ஒரு வருசம் படி, நான் ஒண்ணும் சொல்லல. இல்லன்னா அம்மாகூட உக்காந்து நைட்டிக்கு ஓவர்லாக் அடி." அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள். 

தேர்வுக்கு முன்னால் சேர்மன் ஒரு காரியம் செய்தார். விளம்பரத்துக்காக என் கணக்கைப் படம் வரைந்து, 'நம் மண்ணின் மாதிரி வினா' என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஏதாவதொரு வகுப்புக்குக் கட்டணம் கட்டியவர்கள் மட்டும் உள்ள குழு அது. விடையும் கீழே இருந்தது: டின் கீழ்நோக்கி இறங்கும்.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்துவிட்டது. 'பால்கோவாவை ஏன் கீழே இறக்க வேண்டும்?' 'மாம்பழம் மட்டும் மேலே போகுமோ?' 'மையம் ராஜபாளையத்தில் இருக்கிறது என்பதற்காக இப்படியா?' ஒருவர் கைகூப்பும் பொம்மையையும் கோபப் பொம்மையையும் சேர்த்தே போட்டிருந்தார்.

சேர்மன் பதறிப்போய் மாற்றினார். பால்கோவா சரிவில், மாம்பழம் தொங்கலில். மத்தியானத்துக்குள் ராஜபாளையம் எழுந்தது. 'எங்க சப்பட்டை மாம்பழம் கீழ விழுந்து நசுங்கவா?' இதற்கு நடுவில் கான்சாபுரத்துத் தகப்பன் ஒருவர், 'எங்க பக்கத்துத் தேங்காய் எங்கே?' என்று கேட்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். நான் எழுந்து நின்று, என்னால் முடிந்த பொறுமையோடு சொன்னேன். "தராசுல கனமான தட்டுதான இறங்கும்? எறங்குறது அவமானம் இல்லங்க. கனத்துக்கு அடையாளம்."

முன்வரிசையில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தகப்பன் யோசித்தார். "அப்ப எங்க டின்னுதான் கனம்னு போடுங்க."

"அப்ப அது எறங்கும்."

"எறங்கக் கூடாது."

"எங்க பெட்டியும் கனந்தான்," என்றார் ராஜபாளையத்துத் தாய் ஒருவர். "அதும் எறங்கப்படாது."

அன்றைக்கு எனக்கு ஒரு ஞானம் வந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் கனமாகவும் இருக்க வேண்டும், கீழேயும் போகக் கூடாது. நியூட்டன் இந்தப் பக்கம் வந்திருந்தால் ஊரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போயிருப்பார்.

சேர்மன் கையை உயர்த்தினார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. "பழையபடி பெட்டி சரிவுல, டின்னு தொங்கல்ல இருக்கட்டும், ரெண்டும் சமம்னு போட்டுருவோம். சமம்னா ரெண்டும் நகராது. விடை பூஜ்யம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

கூட்டம் கைதட்டியது. நான் மட்டும் நின்றுகொண்டே இருந்தேன். "சார், ரெண்டும் சமம்னாலும் ஒண்ணு தொங்குது, ஒண்ணு சரிவுல இருக்கு. தொங்குறத பூமி முழுசா இழுக்கும். சரிவு முப்பது டிகிரி, அதுல கெடக்குறதோட பாரத்துல பாதிதான் கீழ இழுக்கும், மிச்சத்தப் பலக தாங்கிக்கிடும். அதனால தொங்குறது எறங்கத்தான் செய்யும். விடை பூஜ்யம் இல்ல, ரெண்டர."

"மிஸ்," என்றார் சேர்மன் கனிவாக, "இம்புட்டுப் பேரு சமம்னு ஒத்துக்கிட்டாக. நீங்க ஒரு ஆளு."

அப்புறம் அறைக்குக் கூப்பிட்டு, "அந்தக் கேள்வியே வேணாம், தேர்வுல இருந்து எடுத்துருதேன்," என்று வாக்குக் கொடுத்தார். நானும் நம்பிப் போனேன். நம்பினது என் தலையெழுத்து.

தேர்வு முடிந்து தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது கடைசிக் கேள்வியாக அது பல்லை இளித்துக்கொண்டிருந்தது. வழுவழுப்பான சாய்தளம், எடையில்லாத கயிறு, சம நிறையுள்ள பெட்டியும் டின்னும். விடைக்குறிப்பில் பூஜ்யம். எழுதிய பிள்ளைகளும் ஒருவர் பாக்கியில்லாமல் பூஜ்யம் போட்டிருந்தார்கள், ஒரே ஒரு தாளைத் தவிர. அந்தத் தாளில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பாரத்தைப் பிரித்து, இரண்டரை என்று எழுதிக் கீழே கோடு கிழித்திருந்தது. சுந்தரபாண்டியத்துப் பெண்ணின் தாள். அவளுடைய அத்தாவிடம் இருப்பது பட்டன் போன். அவர் எந்தக் குழுவிலும் இல்லை. சமரச உடன்படிக்கை பற்றி அவளுக்கு யாரும் சொல்லாததால், பாவம், அவள் கணக்கைப் போட்டுவிட்டாள்.

மற்ற எல்லாக் கேள்விக்கும் அவள் விடை சரி. ராஜபாளையத்துப் பையன் ஒருவனும் மற்றதெல்லாம் சரியாக எழுதி, இதற்குப் பூஜ்யம் போட்டிருந்தான். விடைக்குறிப்பின்படி இடம் அவனுக்கு. நான் அவனைக் கூப்பிட்டு, "எப்படிப்பா பூஜ்யம்?" என்றேன். நல்ல பையன், பொய் சொல்லவில்லை. "எங்கம்மா வாட்ஸ்அப்புல பாத்துட்டுச் சொன்னாங்க மிஸ். நான் போட்டப்ப எனக்கும் ரெண்டரதான் வந்துச்சு. நம்ம தப்புன்னு நெனச்சு அழிச்சிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சேர்மனிடம் போனேன். விடையைத் திருத்தச் சொன்னேன். "திருத்துனா பால்கோவா திரும்பக் கீழ எறங்கிரும் மிஸ். ஒரு மார்க்குக்காக ஊரக் கெளப்பணுமா?" என்றார். நான் விடவில்லை. "எல்லாரையும் கூப்புடுங்க. கண்ணு முன்னால செஞ்சு காட்டுதேன். எறங்கலன்னா நான் வாயத் தெறக்கல," என்றேன். சேர்மனுக்குக் கூட்டம் என்றால் பிடிக்கும். ஒத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை. பழைய தறிக்கூடத்தில் ஒரு நீளப் பலகையைப் பெஞ்சின் மேல் சாய்த்து வைத்தேன். இரும்புக் கடையில் வாங்கிய கிணற்றுக் கப்பியை உச்சியில் மாட்டினேன். கொடிக்கயிறு. பலசரக்குக் கடைத் தராசில் சரிபார்த்த பெட்டியும் டின்னும். இரண்டு ஊர்ப் பெற்றோரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள், யாரும் சொல்லாமலே. பெண்ணும் வந்திருந்தாள். கடைசி வரிசையில் அவளுடைய அத்தா, சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்க, ஓரமாக நின்றார்.

கையை எடுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி சரிவில் அப்படியே உட்கார்ந்திருந்தது. டின் அந்தரத்தில் நின்றது. கப்பி ஒரு முறை 'க்ரீச்' என்றதோடு சரி. சொரசொரப்பான பலகையும், மரச்சிலாம்பு தூக்கிக் குத்துகிற பெட்டியும், துருப்பிடித்த கப்பியும் கூட்டணி போட்டு என்னைக் கவிழ்த்துவிட்டன. ஆயுசு முழுக்க நான் புறக்கணித்த உராய்வு, அன்றைக்கு மொத்தமாகக் கணக்குத் தீர்த்துக்கொண்டது.

கைதட்டல் காதைப் பிளந்தது. "பூஜ்யம்! பூஜ்யம்!" என்று கத்தினார்கள். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒன்றுபட்டுக் கைதட்டியதை நான் பார்த்தது அன்றுதான். சேர்மன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பரவாயில்லை மிஸ் என்பதுபோல.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள். "மிஸ், பரீச்சைக்கு வந்தப்ப பாத்தேன், இங்க பிள்ளைக ஆஸ்டல் ரூம்ல கேரம் போர்டு இருக்குல்லா? பவுடரோட?"

எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. இரண்டு பேராக ஓடிக் கொண்டுவந்தோம். பலகைமேல் போர்டைச் சாய்த்து, அவள் பவுடரைத் தாராளமாகத் தூவினாள். நான் கப்பிக்கு எண்ணெய் விட்டேன். பெட்டியின் அடியை அவள் துப்பட்டா முனையால் துடைத்தாள். கையை எடுத்தோம். பெட்டி 'சர்'ரென்று மேலேறி போர்டின் விளிம்பில் மோதியது. டின் தரையில் இறங்கிய சத்தத்தில் மூடி தெறித்து, அசல் பால்கோவா மணம் கூடம் முழுக்கப் பரவியது.

 அத்தா மட்டும் கடைசி வரிசையில் சிரித்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கூச்சல் எழுந்தது.

"பவுடர் போட்டா யாருதான் வழுக்க மாட்டா?" என்றார் சேர்மன். "கேள்வியில பவுடர்னு இருக்கா மிஸ்?"

"வழுவழுப்பான தளம்னு இருக்கு சார்."

"அது சும்மா ஒரு அழகுக்குப் போடுறது மிஸ்."

கடைசியில் தீர்ப்புச் சொன்னார். கேள்வி சர்ச்சைக்குரியது. ஆகவே அதற்கான மார்க் எல்லோருக்கும் வழங்கப்படும். சரியாக எழுதியவளுக்கும் ஒன்று, தப்பாக எழுதியவனுக்கும் ஒன்று. இப்போது பெண்ணும் பையனும் சமம். சமமான இரண்டு பேரில் ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் மனம் நோகும். ஆகவே இந்த வருடம் இலவச இடம் யாருக்கும் இல்லை. சமம் என்றால் நகராது என்று அவர்தான் முன்பே கண்டுபிடித்திருந்தாரே. பையன் வீட்டில் வசதி உண்டு, பணம் கட்டி வருட வகுப்பில் சேர்ந்துகொண்டான். அத்தா மகளின் தோளில் கை வைத்து, "வா, போவம்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை சேர்மன் அறைக்குப் போனேன். எங்கள் மையத்தில் இன்னொரு விதி உண்டு. பேனரில் இருக்காது. வேலை பார்க்கிறவர்களின் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. கணக்குப்பிள்ளையின் மச்சினன் மகன்கூட அப்படிப் படித்தவன்தான்.

"சார், அந்தப் பொண்ணு எங்க அக்கா மக," என்றேன்.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு நான் நிற்கிறேன். மேஜைமேல் முக்காடு போட்ட அவள் படம் ஒட்டிய விண்ணப்பம் கிடக்கிறது. சேர்மன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"சொந்த அக்காவா?"

"ஒண்ணுவிட்ட அக்கா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் தலையைத் தின்ற ஒரு வில்லங்கம், யார் மனமும் நோகாமல் தீர்கிறதே. "இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மிஸ்? எதுக்குக் கப்பி, கேரம் போர்டுன்னு அம்புட்டு அலப்பற?" என்று கையெழுத்துப் போட்டார். நான் வரைந்த எந்தக் கணக்கும் அவ்வளவு வழுவழுப்பாக நகர்ந்ததில்லை.

அத்தாவுக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னேன்.  "ஒங்களுக்கு வேலைக்கு ஒண்ணும் ஆகிராதுல்லாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆகாது என்றேன். ஆகவும் இல்லை.

வகுப்பு தொடங்கிய அன்று அவள் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கணக்குப்பிள்ளை வருகைப் பதிவுக்கு வந்தபோது, சொல்லிக் கொடுத்தபடியே, "சாச்சி, தண்ணி குடிச்சிட்டு வரட்டா?" என்றாள். அவர்கள் வீட்டில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கணக்குப்பிள்ளை ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டு போனார். அன்றைக்குக் கப்பிப் பாடம். புதிதாக அச்சான புத்தகத்தில் அந்தக் கணக்கு இருந்தது. விடை பூஜ்யம் என்றே இருந்தது. நான் அதைத் தாண்டி அடுத்த கணக்குக்குப் போனேன். அவள் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் என் மேஜைக்கு வந்தாள்.

"மிஸ், நான் எழுதுனது சரிதான?"

"சரிதான்."

"பொறவு எதுக்கு நான் ஒங்க அக்கா மகளாகணும்?"

 சிரிக்க வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்து, "ஊருல உராய்வு கொஞ்சம் சாஸ்திம்மா," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் பக்கம் இன்னும் அவிழ்க்காமல் தொங்கிய 'தகுதிக்கே இடம்' பேனரைப் பார்த்தாள்.

"அத இதுல போடலயே மிஸ். வழுவழுப்பான தளம்னுல்லா போட்டிருந்தாக."